டின் மீன் நாசி கோரெங்: சோறு குழையாமல், மீன் நொறுங்காமல்

கேள்வி சுருக்கமாக இது: ஒரு டின் சார்டினும் முந்தின நாள் சோறும் கையில் இருக்கின்றன. இந்தோனேசியாவில் செய்கிற மாதிரி நாசி கோரெங், அதாவது வறுத்த சோறு, செய்து பார்த்தால் சோறு குழைந்துபோகிறது, மீன் தூள்தூளாகிக் காணாமல் போகிறது, தட்டை எடுத்தாலே மீன் வாடை தூக்குகிறது. அதில் ஊற்றுகிற கெட்டி இனிப்பு சோயா சாஸான கெச்சாப் மானிஸும், புளித்த இறால் கட்டியான தெராசியும் எங்கள் ஊரில் கிடைக்காது. எங்கே தப்பு, எப்படிச் செய்தால் சரியாக வரும்?

மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: டின்னுக்குள் இருக்கிற சாஸ். சார்டின் டின்களில் பெரும்பாலும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மீன் இருக்கும், மிச்சமெல்லாம் தண்ணீர் கலந்த தக்காளி சாஸ். டின்னைத் திறந்து அப்படியே சோற்றின் மேல் கவிழ்த்தால் கிடைப்பது வறுத்த சோறு இல்லை, மீன் குழம்பு சாதம். அதுவும் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே. நாசி கோரெங் முழுக்க முழுக்க ஈரத்தை விரட்டுகிற சமையல். மீன் தனி, சாஸ் தனி, சோறு தனி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஈரத்தைத் தனித்தனியாகப் போக்கிவிட்டு, கடைசி மூன்று நான்கு நிமிடத்தில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சில்லறை விவரம்.

இந்தோனேசியாவில் இது விருந்துச் சமையல் இல்லை. சார்டென் என்று அவர்கள் சொல்லும் டின் மீன், வாடகை அறையில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் மாதக் கடைசிச் சாப்பாடு. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் போகிற நிவாரணப் பொட்டலத்திலும் நூடுல்ஸ் பக்கத்தில் இருப்பது அதுதான். 155 கிராம் சின்ன டின், 425 கிராம் பெரிய டின் இரண்டும் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். தக்காளி சாஸ், மிளகாய் சாஸ் என்று இரண்டு ருசி. உள்ளே இருக்கும் மீன் பெரும்பாலும் லெமுரு. ஜாவாவுக்கும் பாலிக்கும் நடுவே உள்ள பாலி நீரிணையில் கூட்டம் கூட்டமாகப் பிடிபடுகிற மீன் இது. கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியில் உள்ள முன்சார் துறைமுகத்தைச் சுற்றித்தான் டின் ஆலைகள் வரிசையாக வளர்ந்தன. லெமுருவின் வரத்து வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். குறைந்த காலங்களில் ஆலைகள் இறக்குமதி செய்த உறைமீனை வைத்து ஓட்டுகின்றன.

நமக்கு இந்த மீன் அந்நியம் இல்லை. லெமுருவும் நம் கடலோரத்தில் நெய்ச்சாளை, மத்தி என்று வாங்குகிற மீனும் ஒரே இனத்துப் பங்காளிகள். கொழுப்பு கூடுதலான மீன், ஆகவே வாடையும் கூடுதல். அதை அடக்குகிற வழியைப் பிறகு சொல்கிறேன்.

எந்த டின் வாங்கலாம்? மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், தக்காளி சாஸ் சார்டின் எல்லாக் கடையிலும் உண்டு. இலங்கையில் கிடைக்கிற 425 கிராம் டின் மீன் பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை. துண்டு பெரிது, சதை கொஞ்சம் வறண்டது, உப்புத் தண்ணீரில் கிடக்கும். இதற்கு அது நன்றாகவே பொருந்தும், அந்தத் தண்ணீரை மட்டும் முழுக்கக் கொட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் பெரிய கடைகளில் சூரை டின்தான் சுலபமாகக் கிடைக்கும். எண்ணெயில் போட்டதை எடுங்கள். தண்ணீரில் போட்டதில் ருசி பாதி போயிருக்கும். சூரைக்குச் செய்முறை கொஞ்சம் மாறும், கடைசியில் சொல்கிறேன். எந்த டின் ஆனாலும் மூடி உப்பியிருந்தாலோ, மடிப்பில் கசிவு இருந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சி அடித்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், ருசி பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை அது.

அடுத்தது சோறு. பழைய சோறுதான் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது. குளிர்பெட்டிக்குள் இருக்கிற குளிரில் இது வேகமாக நடக்கும், மேற்பரப்பும் காய்ந்துவிடும். அதனால்தான் ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் கிடந்த சோறு வாணலியில் பிரிந்து பிரிந்து நிற்கிறது. நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு: மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிற பழக்கம். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிக்க அதற்கு ஈடில்லை, ஆனால் இந்தச் சமையலுக்கு அது ஆகவே ஆகாது. தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்த சோறு வேண்டும்.

அதையும் ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை பெருகி ஒரு நஞ்சை விடும், அந்த நஞ்சு மறுநாள் வறுக்கிற சூட்டிலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம். சோற்றைத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அரிசியைப் பொறுத்தவரை, ஜாவா வீடுகளில் சமைப்பது பச்சரிசி. மணமில்லாத, நடுத்தர நீளமுள்ள அரிசி. நீங்கள் பொன்னிப் பச்சரிசியை எடுத்துக்கொள்ளலாம். புழுங்கலரிசியும் தோற்காது, சொல்லப்போனால் முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுதான் காப்பு, குழையாது. ருசி மட்டும் கொஞ்சம் வேறாக இருக்கும். சீரகச் சம்பா வேண்டாம், பாஸ்மதியும் வேண்டாம். அவற்றின் மணம் தெராசியோடு சண்டை போடும். பழைய சோறே இல்லை, இன்றைக்கே செய்ய வேண்டும் என்றால், ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றேகால் பங்கு தண்ணீர் மட்டும் வைத்து விறைப்பாக வேகவைத்து, அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வையுங்கள். ஆவி அடங்கினால் போதும்.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன்: சோறு 400 கிராம் (பச்சையாக ஏறக்குறைய 150 கிராம் அரிசி), 155 கிராம் டின் ஒன்று, சின்ன வெங்காயம் 8, பூண்டு 3 பல், பழுத்த சிவப்பு மிளகாய் 3, காரம் வேண்டுமானால் ஊசி மிளகாய் 2, தெராசி அரைத் தேக்கரண்டி, கெச்சாப் மானிஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, முட்டை 2, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பாதி எலுமிச்சை. உப்பு அளவு சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். டின்னில் உப்பு, தெராசியில் உப்பு, கெச்சாப்பில் உப்பு. கடைசியில் வாயில் போட்டுப் பார்த்து, வேண்டுமானால் ஒரு சிட்டிகை.

இனி கிடைக்காத இரண்டு பொருள்கள்.

கெச்சாப் மானிஸ் வெறும் இனிப்பு சோயா சாஸ் என்று நினைத்து, சோயா சாஸில் சீனியைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இனிப்பு வரும், ஆனால் அந்தக் கருமையும் புகைமணமும் வராது. ஏனென்றால் அசலில் போவது வெள்ளைச் சீனி இல்லை, தென்னை அல்லது அரேன் பனையின் பதநீரைக் காய்ச்சிய வெல்லம். ஊறிப் புளித்த சோயாச் சாற்றோடு அந்த வெல்லத்தை நிறையப் போட்டு, பாகு மாதிரி கெட்டியாகிற வரை காய்ச்சுவார்கள். நல்ல வகைகளில் கறுப்பு சோயா. 1928இல் தாங்கராங்கில் ஒரு வீட்டுத் தொழிலாகத் தொடங்கிய பாங்கோவைத்தான் இன்றைக்கும் பலர் தேடி வாங்குகிறார்கள், ஏபிசியும் எங்கும் கிடைக்கும். மலேசியாவில் கிச்சாப் மானிஸ் என்று விற்பது பல நேரம் இதைவிட நீர்த்தும் இனிப்புக் குறைவாகவும் இருக்கும், அதை வைத்துச் செய்தால் கொஞ்சம் வெல்லம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்தால் இதற்கு நம்மிடமே ஆள் உண்டு: கருப்பட்டி. அதுவும் பனைதான், மரம் மட்டும் வேறு. 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் தம்ளர் தண்ணீரில் சூடாக்கிக் கரையுங்கள். கரைந்ததும் கட்டாயம் துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்குகிற மணலைப் பார்த்தால் ஏன் சொன்னேன் என்று தெரியும். வடிகட்டிய பாகோடு 100 மில்லி சோயா சாஸ், ஒரு அன்னாசிப்பூ, தட்டிய பூண்டு ஒரு பல், இஞ்சி ஒரு சின்ன வில்லை சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் பூசினாற்போல் ஒட்டி நின்றால் இறக்கிவிடலாம், ஆறினால் இன்னும் கெட்டியாகும். தேனைவிடக் கெட்டியாக விடாதீர்கள், அப்புறம் வாணலியில் கலக்காமல் கட்டி கட்டியாக நிற்கும். இலங்கையில் இருப்பவர்கள் கருப்பட்டிக்குப் பதில் கித்துள் பாணியை ஊற்றலாம், வடிகட்டுகிற வேலையும் மிச்சம்.

தெராசி புளித்துக் காய்ந்த கூனி இறால் கட்டி. மலேசியத் தமிழர்களுக்குப் பெலாச்சான் என்றால் புரிந்துவிடும். சிரெபோன் பக்கத்துத் தெராசிக்கு ஜாவாவில் பெயர் அதிகம். பச்சையாகப் போடக் கூடாது. ஒரு துண்டை அலுமினியத் தாளில் மடித்துத் தணலிலோ தோசைக்கல்லிலோ திருப்பித் திருப்பிச் சுட்டு, உதிர்கிற மாதிரி ஆனதும் சேர்ப்பார்கள். சுடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருந்தாலும். தெராசி கிடைக்காவிட்டால் நம் கருவாட்டுக் கடையில் சென்னாக்கூனி கிடைக்கும். தெராசி செய்வதும் இதே மாதிரிப் பொடி இறாலில்தான். ஒரு மேசைக்கரண்டி எடுத்து, தூசியும் மணலும் போகப் புடைத்து, வெறும் சட்டியில் மொறுமொறு என்று வறுத்து, மசாலாவோடு சேர்த்து இடியுங்கள். புளித்த ஆழம் வராது, ஆனால் போகவேண்டிய திசையில் போகும். டின் மீனே போதுமான கடல் ருசி தருகிறதே, தெராசி எதற்கு என்று விட்டுவிடுகிறவர்களும் இந்தோனேசியாவிலேயே உண்டு. என் கட்சி: அளவைப் பாதியாக்குங்கள், அறவே விடாதீர்கள். தெராசி இல்லாத சார்டின் சோறு தட்டையாக இருக்கும்.

பும்பு என்று அவர்கள் சொல்வது நாம் சொல்கிற அரைப்பு மசாலா. அங்கே அகன்ற கல் தட்டில் வளைந்த குழவியால் அழுத்தித் தேய்ப்பார்கள். உங்கள் வீட்டில் அம்மி இருந்தால் இன்றைக்கு அதற்கு வேலை. வெங்காயம், பூண்டு, மிளகாய், தெராசியைக் கொரகொரப்பாக நசுக்கினால் போதும், விழுதாக வேண்டாம். மிக்ஸியில் போடுகிறவர்கள் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுற்றவில்லை என்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள். வெங்காயம் நுரைத்து வெள்ளையாகிவிட்டால் கசப்பு ஏறும், தண்ணீரும் விடும். பழுத்த மிளகாய் கிடைக்காவிட்டால் காய்ந்த மிளகாய் நாலைந்தை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். கெமிரிக் கொட்டை இரண்டு சேர்க்கிறவர்கள் உண்டு, மசாலாவுக்கு உடம்பு கொடுக்கும். அது பச்சையாகத் தின்னக் கூடாத கொட்டை, நன்றாக வறுபட வேண்டும். அதற்குப் பதில் இரண்டு முந்திரி போடலாம், இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

முதலில் மீன். டின்னைத் திறந்து, மீனைக் கரண்டியால் தூக்கி வடிகட்டியில் வையுங்கள், சாஸைக் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். டின்னுக்குள் மூடி, அழுத்தத்தில் 115 டிகிரிக்கு மேல் வேகவைத்த மீன் இது. முள் வரைக்கும் வெந்திருக்கும், விரலால் நசுக்கினாலே பொடியாகும். ஆக இதைச் சமைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஈரத்தைப் போக்கி மேலே கொஞ்சம் முறுகவிட்டால் போதும். மீனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுமுள் பெரிதாக இருந்தால் எடுத்துவிட்டு, காகிதத்தில் ஒற்றி, மேலே எலுமிச்சை நாலு சொட்டு. வாடைக்குக் காரணமான பொருள்களை அந்தப் புளிப்பு கட்டிப்போடும். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முதலில் சடசடவென்று தெறிக்கும், அது தண்ணீர். இரண்டு மூன்று நிமிஷத்தில் சத்தம் அடங்கி மெல்லிய சலசலப்பாக மாறும், ஓரம் பழுப்பாகும். அதுவரை கரண்டியை உள்ளே விட்டால் மீன் உங்களுடையது இல்லை, வாணலியுடையது. அடங்கியதும் தோசைத் திருப்பியால் அடியோடு எடுத்து, திருப்பாமலே தட்டில் வையுங்கள். ஒரு பக்கம் முறுகினால் போதும்.

பெரும்பாலான செய்முறைகளில் மீனை மசாலாவிலேயே போட்டு உதிர்க்கச் சொல்வார்கள். வேகமாக முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் முழுக்கச் சோற்றில் கரைந்துபோய், எந்த வாயிலும் மீன் என்று ஒன்று அகப்படாது. முள்ளும் அங்கங்கே நெருடும்.

அதே வாணலியில் மிச்ச எண்ணெய். தீயை நடுத்தரமாக வைத்து இடித்த பும்புவைப் போடுங்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். முதல் நிமிஷம் பெரிய பெரிய குமிழாக வரும், வெங்காயத் தண்ணீர் ஆவியாகிற அடையாளம் அது. கிளறிக்கொண்டே இருந்தால் நாலைந்து நிமிஷத்தில் குமிழ் சின்னதாகி, நிறம் இருண்டு, பச்சை வாடை போய், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நிற்கும். இப்போது கிண்ணத்துச் சாஸில் மூன்று மேசைக்கரண்டி மட்டும் எடுத்து ஊற்றுங்கள். மறுபடி கொதித்து, மறுபடி வற்றி, கரண்டியால் வாணலியின் நடுவே கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கிற பதம் வர வேண்டும். தக்காளித் தொக்கு செய்து பழகியவர்களுக்கு இந்தப் பதம் கண்ணிலேயே தெரியும். மீன் ருசி சோறு முழுக்கப் பரவுவது இந்தச் சாஸால்தான், அதனால் அதைக் கொட்டிவிடாதீர்கள். மூன்று கரண்டிக்கு மேல் ஆசைப்படவும் வேண்டாம். மிச்சத்தை மறுநாள் முட்டைக் குழம்பில் சேர்க்கலாம். உப்புத் தண்ணீர் டின் என்றால் இந்தக் கட்டத்தில் ஒரு தக்காளியை நறுக்கிப் போட்டு வதக்கி வற்ற விடுங்கள்.

மசாலாவை ஒரு ஓரமாக ஒதுக்கி, காலி இடத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, பாதி வெந்ததும் கரண்டியால் பெரிய துண்டுகளாக வெட்டி விடுங்கள். முழுக்க வெந்தால் ரப்பர். இன்னொரு முட்டை பிறகு.

இப்போது தீ முழுக்க ஏற வேண்டும். இந்தோனேசியத் தெருக்களில் ராத்திரி தள்ளுவண்டியில் வருகிற நாசி கோரெங்காரர்கள், சாமானைத் தட்டி எழுப்புகிற சத்தத்தாலேயே வாடிக்கையாளர்களைக் கூப்பிடுவார்கள். சத்தத்தை வைத்து தெக்-தெக் என்றே அதற்குப் பெயர். அந்த வண்டி அடுப்பின் வேகம் நம் வீட்டு அடுப்பில் வராது. அதற்கு ஒரே மாற்று, கொஞ்சமாகப் போடுவது. நாலு பேர் என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரே தடவையில் எல்லாச் சோற்றையும் கொட்டினால் வாணலி குளிர்ந்து, சோறு வறுபடாமல் அவிந்துவிடும். குளிர்பெட்டிச் சோற்றை முன்னமே கையை நனைத்துக்கொண்டு உதிர்த்து வையுங்கள். வாணலிக்குள் கட்டியைக் குத்தி உடைத்தால் மணி உடைந்து பசை விடும்.

சோற்றைப் போட்டு, அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். இரண்டு நிமிஷத்தில் எல்லா மணியிலும் செம்மை ஏறும். மணிகள் வாணலியில் மெல்லத் துள்ள ஆரம்பித்தால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு முன்னால் கெச்சாப்பை எடுக்காதீர்கள். கெச்சாப்பைச் சோற்றின் மேல் ஊற்றாமல், வாணலியின் சூடான ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள். இரும்பில் பட்டதும் சுரீர் என்று கொதித்து, வெல்லம் லேசாகக் கருகிப் புகை வரும். கடைச் சோற்றில் வருகிற மணம் இதுதான். கருகல் கசப்பாக மாறுவதற்குள், அதாவது நாலைந்து நொடியில், சோற்றை அதன் மேல் தள்ளிப் புரட்டிவிடுங்கள். ஒட்டாத பூச்சுள்ள சட்டியில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது, இரும்பு வாணலி இருந்தால் அதையே எடுங்கள்.

கடைசியில்தான் மீன். முறுகிய துண்டுகளைக் கையால் இரண்டு மூன்றாகப் பிய்த்து மேலே தூவி, வெங்காயத்தாளும் போட்டு, இரண்டே புரட்டு. அடுப்பை அணைத்துவிட்டு உப்புப் பாருங்கள்.

மிச்சம் இருந்த முட்டையை நிறைய எண்ணெயில், ஓரம் சருகு மாதிரி முறுகும்படி, மஞ்சள் கரு உடையாமல் பொரித்துச் சோற்றின் மேல் வைப்பது அவர்கள் வழக்கம். பக்கத்தில் வெள்ளரிக்காய் வில்லை, தக்காளி வில்லை, பொரித்த வெங்காயம், கெருப்புக். கெருப்புக்குக்குப் பதில் நம் அப்பளம் தாராளமாகப் போதும். வெள்ளரியும் கேரட்டும் சின்னச் சின்னதாக நறுக்கி, காடி, சீனி, உப்பில் அரை மணி நேரம் ஊறவைத்த ஆச்சாரும் இருந்தால் நல்லது. டின் மீனின் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு தேவைப்படுகிறது, அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

எதைப் போடக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஃப்ரைட் ரைஸ் கடைகளில் போடுகிற பீன்ஸ், குடைமிளகாய், மிளகுத்தூள், வினிகர் கூட்டணி இதற்கு வேண்டாம், அது வேறு வம்சம். முட்டைக்கோஸ் மெல்லியதாக ஒரு கைப்பிடி போடலாம், அங்கேயும் போடுவார்கள். கறிவேப்பிலை, சோம்பு, கரம் மசாலா எதுவும் வேண்டாம். மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பெத்தாய் என்கிற வாடை தூக்கலான பச்சைக் காய்க்கொட்டை கிடைக்கும், பும்பு வதங்கும்போது பத்துக் கொட்டை போட்டால் சார்டினுக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை. அஜினோமோட்டோ பற்றிக் கேட்பீர்கள். இந்தோனேசியச் சமையலில் அது சர்வ சாதாரணம், பல டின்களின் சாஸிலேயே சேர்ந்து வருகிறது, அதற்கு மேல் நீங்கள் போட வேண்டியதில்லை.

இனிப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. நாசி கோரெங்கை 2018இல் இந்தோனேசிய அரசு தேசிய உணவுகள் ஐந்தில் ஒன்றாக அறிவித்தது. ரெண்டாங், சாத்தே, சோத்தோ, காடோ-காடோ மற்ற நான்கு. ஆனால் நாடு முழுக்க ஒரே நாசி கோரெங் கிடையாது. நடு ஜாவாவில், யோக்யகார்த்தா, சோலோ பக்கம், இனிப்பு தூக்கலாக இருக்கும். சுலாவேசியின் மக்காசாரில் கெச்சாப்பே இல்லாமல் தக்காளி, மிளகாய் சாஸில் செய்த சிவப்பு நாசி கோரெங் பிரபலம். இது உங்களுக்கு ஒரு கதவைத் திறக்கிறது: கெச்சாப்பும் இல்லை, கருப்பட்டி காய்ச்சவும் நேரமில்லை என்றால், தக்காளி சாஸ் டின்னை வைத்துக்கொண்டு கெச்சாப்பை மறந்துவிடுங்கள். டின் சாஸை நாலைந்து கரண்டியாக்கி நன்றாக வற்றவிட்டு, மிளகாயைக் கூட்டினால், கறுப்புச் சோறு வராது, ஆனால் மக்காசார் பக்கத்துச் சிவப்புச் சோற்றுக்குக் கிட்டத்தில் போய் நிற்பீர்கள். என்னைக் கேட்டால் இனிப்புப் பிடிக்காத தமிழ் நாக்குக்கு இதுதான் இன்னும் ஒத்துவரும்.

சூரை டின்காரர்களுக்கு வழிகாட்டி வடக்குச் சுலாவேசியின் மனாடோ. அங்கே புகையில் வாட்டிய சூரையை உதிர்த்து, நிறைய மிளகாயோடு வறுத்து, அந்தச் சோற்றில் போடுவார்கள், கெமாங்கி இலையும் சேரும். நம் திருநீற்றுப்பச்சிலை அதற்கு நெருங்கிய சொந்தம். டின் சூரையை வடிகட்டி, அந்த எண்ணெயிலேயே பும்புவை வதக்கி, சூரையைப் பும்புவோடு சேர்த்து உதிரியாகி ஓரம் முறுகும் வரை வறுத்துவிடுங்கள். சூரை நொறுங்கினாலும் பரவாயில்லை, அது உதிரவேண்டிய மீன்தான். தக்காளி வேண்டாம், கெச்சாப் அரைக் கரண்டி போதும், எலுமிச்சை இலை அல்லது நாரத்தை இலை இரண்டை நரம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, இறக்குவதற்கு முன் பச்சிலையோடு தூவுங்கள்.

பெரிய டின் வாங்கினால் பாதி மிஞ்சும். அதை டின்னிலேயே வைத்து மூடாதீர்கள், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். செய்த சோறு மிஞ்சினால் மூன்றாம் தடவை சூடாக்க வேண்டாம், அளவாகச் செய்வதே மேல். காய்ச்சிய கருப்பட்டிக் கெச்சாப் மட்டும் ஈரம் படாத பாட்டிலில் குளிர்பெட்டியில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.